உள்ளூர் இசை பற்றி எழுதிக்கொண்டே ஃப்ரீலான்ஸ் எழுத்தில் நிலைக்க முடியுமா?

மேடையோரம் (கேள்வி):

வணக்கம். பகலில் கணக்கு எழுதும் வேலை. மாலைகளில் எங்கள் ஊரின் சின்ன இசைக்குழுக்களைப் போய்க் கேட்டு எழுதுகிறேன். சொந்தத் தளத்தில் தொடங்கியது. அப்புறம் ஓர் இணைய இதழ் சில விமர்சனங்களை எடுத்துக்கொண்டது, ஒன்றிரண்டுக்குப் பணமும் தந்தது. இப்போது இதையே தொழிலாக்க வேண்டும் என்ற ஆசை வலுவாகிவிட்டது.

இரண்டு விஷயங்களில் தெளிவு வேண்டும். “உள்ளூர்க் குழுக்களைப் பற்றி யார் படிப்பார்கள்? பெரிய பெயர்களைப் பற்றி எழுது” என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரியா? இன்னொன்று, நான் எழுதிவந்த குழு ஒன்று தங்களைப் பற்றிய அறிமுகக் குறிப்பை எழுதித் தரச் சொல்கிறது, பணம் தருகிறார்களாம். வாங்கிக்கொள்ளலாமா?

பழைய நோட்டு:

பல வருடங்களாக இதுதான் என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பணம். சின்னக் குழுவின் ஆல்பத்துக்கு எழுதும் 300 சொல் விமர்சனம் எந்த ஊரிலும் வாடகையைக் கட்டாது. நான் மதிக்கும் இசை எழுத்தாளர்களில் பெரும்பாலோர் கூடவே வேறு எழுத்து வேலையும் செய்கிறார்கள். பிழை திருத்தம், நிறுவனச் செய்திமடல், பாடநூல் எடிட்டிங் என்று எதுவாகவும் இருக்கலாம். நானும் அப்படித்தான், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் பெரிய பெயர்களுக்குத் தாவச் சொல்லும் நண்பர்களின் யோசனையை ஏற்காதீர்கள். உலகமே அறிந்த பாடகரின் புது ஆல்பத்தைப் பற்றி எழுத ஏற்கெனவே பெரும் வரிசை நிற்கிறது. அந்த ஆல்பத்தை நீங்கள் கேட்கும் அதே நாளில்தான் எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் ஊரில் வியாழக்கிழமை ராத்திரி வாசிக்கும் குழுவின் கிட்டார்காரர் ஏன் எல்லாத் தந்திகளையும் அரைச்சுருதி இறக்கிக் கட்டுகிறார் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பாடகிக்கு மேல்ஸ்தாயி சிரமமாகிவிட்டதாலா, தடித்த தந்தியின் கனம் பிடித்திருப்பதாலா? போய்க் கேட்டவரால்தான் அதை எழுத முடியும்.

உள்ளூர் என்பது நீங்கள் வேர்பிடித்து நிற்கும் இடம். அங்கே கிடைக்கும் விஷயத்தை எத்தனை வாசகர்களுக்கு எத்தனை விதமாகச் சொல்லலாம் என்பதில்தான் தொழில் இருக்கிறது. ஓர் உதாரணம். டிரம்ஸ் வைக்க இடம் தரும் ஒத்திகை அறைகள் ஊரில் ஒவ்வொன்றாக மூடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். குழுக்கள் டிரம் மெஷினுக்கு மாறுகின்றன. மெஷின் வந்ததும் தாளம் இம்மியும் பிசகாது. பாட்டின் நடுவே ஆவேசத்தில் வேகம் கூடும் பழக்கம் நின்றுபோகிறது, பாடகர் மூச்செடுக்கும் இடமே மாறுகிறது. இசை இதழுக்கு இது ஒலி மாறிய கதை. நகரச் செய்திப் பக்கத்துக்கு வாடகையும் இரைச்சல் விதிகளும் பற்றிய கதை. இசைக்கருவி வியாபார இதழுக்கு எந்த மெஷினை ஏன் வாங்குகிறார்கள் என்ற கதை. வேலையிழந்த டிரம்ஸ் கலைஞர் இப்போது என்ன செய்கிறார் என்பது ஞாயிறு மலருக்கான நீண்ட பேட்டி. நீங்கள் போய்வந்தது ஒரே அறைதான், பேசியது அதே நாலு பேரிடம்தான். ஆனால் ஒரே கட்டுரையைப் பெயர் மாற்றி நாலு இடத்துக்கு விற்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் புதிதாக எழுத வேண்டும், கூடுதலாக ஒருவரிடமாவது பேச வேண்டும்.

அதனால் நோட்டைப் பாதுகாத்து வையுங்கள். தேதி, இடம், யார் எந்தக் கருவி வாசித்தார், பாடல் வரிசை, ஒலிப்பதிவு செய்தவர், எந்தப் பாட்டில் கூட்டம் எழுந்து நின்றது, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய கலைஞர்களுக்கு ஆவணக் காப்பகம் இருக்கிறது. உள்ளூர்க் குழு கலைந்துவிட்டால் அதன் வரலாறு அநேகமாக உங்கள் நோட்டில் மட்டுமே மிஞ்சும். ஒரு பழைய பதிவை மறுவெளியீடு செய்ய முனைந்தவர்கள் ஆல்பத்தோடு அச்சாகும் உறைக்குறிப்பை எழுத என்னைத் தேடி வந்தது அப்படி ஒரு நோட்டை நம்பித்தான்.

இனி அறிமுகக் குறிப்பு. எழுதலாம், பணமும் வாங்கலாம், அது மரியாதையான வேலைதான். ஆனால் அதன் பிறகு அந்தக் குழுவைப் பற்றி விமர்சனம் எழுதக் கூடாது. ஏதாவது ஒரு கட்டுரையில் அவர்கள் பெயர் வரும் என்றால் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். உங்கள் பாராட்டுக்கு விலை உண்டு என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால், நீங்கள் மனதார நேசித்து எழுதிய வரியையும் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கு இதில் சமரசமே கிடையாது. விமர்சகர் என்ற முறையில் வரும் இலவச அனுமதிச் சீட்டு வேறு விஷயம், அது வழக்கத்தில் உள்ளதுதான். இதழின் விதி என்ன என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேஸ் வாசிப்பவன்:

இசைக்காரன் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். நாங்கள் வாசித்து முடித்ததும் பேட்டிக்கு வராதீர்கள். அடுத்த குழு ஏறுவதற்குள் ஆம்ப், பெடல், கேபிள் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு இறங்கவேண்டும். காதில் ரீங்காரம் வேறு. அப்போது சொல்வதெல்லாம் “நன்றாக இருந்தது, நன்றி” என்கிற அளவில்தான் இருக்கும். சவுண்ட் செக் முடிந்து கதவு திறப்பதற்குள் ஒரு வெற்று நேரம் இருக்கும். எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்போம், அப்போது வாருங்கள். சவுண்ட் இன்ஜினியரிடமும் பேசுங்கள். ஊரின் எல்லாக் குழுக்களையும் வாரம்தோறும் கேட்பவர் அவர் ஒருவர்தான், அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இன்னொன்று, எங்களைப் பற்றி நீங்கள் எழுதும் ஒரு வரியை விழா அமைப்பாளர்களுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் சேர்க்கிறோம். “அருமையான இசை விருந்து” என்பது எங்களுக்கு எதற்கும் உதவாது. “மூன்றாவது பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக நிற்கும் எட்டு தாளச் சுற்றுகளில் அரங்கம் பேச்சை நிறுத்தியது” என்று எழுதுங்கள். குறை இருந்தாலும் இதே நுணுக்கத்தோடு எழுதுங்கள், அது எங்களுக்குப் பயன்படும்.

ஆசிரியர் மேசை:

கட்டுரைகளை வாங்கும் இடத்தில் இருப்பவள் என்பதால் பிட்ச் பற்றி, அதாவது கட்டுரை யோசனையை ஆசிரியருக்கு எழுதி அனுப்புவது பற்றி மட்டும் சொல்கிறேன். “எங்கள் ஊர்க் குழு புது ஆல்பம் போட்டிருக்கிறது, எழுதட்டுமா?” என்று வரும் மின்னஞ்சல்களுக்கு என்னால் சரி என்று சொல்ல முடிவதில்லை. அது செய்தி மட்டும்தான், அதில் கதை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மேலே பழைய நோட்டு சொன்ன டிரம் மெஷின் விஷயத்தை நாலு வரியில் எழுதி, யாரிடமெல்லாம் பேசியாகிவிட்டது, எத்தனை சொல், எப்போது தருவீர்கள் என்று சேர்த்திருந்தால் அன்றைக்கே பதில் போட்டிருப்பேன். முன்பு எழுதியதில் சிறந்த இரண்டுக்கு மட்டும் இணைப்புக் கொடுங்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், எங்களுக்கு அதில் கோபமில்லை. அப்புறமும் மௌனம் என்றால் வேறு இதழுக்கு அனுப்பிவிடுங்கள்.

சொந்தத் தளத்தையும் கைவிடாதீர்கள். 1966இல் அமெரிக்காவில் பால் வில்லியம்ஸ் ‘கிராடேடி’ என்ற ராக் இசை இதழைத் தொடங்கியபோது அவர் 17 வயதுக் கல்லூரி மாணவர், சைக்ளோஸ்டைல் பிரதிகள்தான். 1976இல் லண்டனில் ‘ஸ்னிஃபின் க்ளூ’ என்ற பங்க் இசை இதழைத் தொடங்கிய மார்க் பெர்ரி வங்கி எழுத்தராக இருந்தவர், தட்டச்சு செய்து நகலெடுத்துக் கொடுத்தார். இருவரும் எந்த ஆசிரியரின் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. உங்கள் தளத்தில் வருவதைப் படித்துத்தான் எங்களைப் போன்றவர்கள் உங்களைத் தேடி வருவோம்.

மேடையோரம்:

எல்லோருக்கும் நன்றி. அறிமுகக் குறிப்பு வேண்டாம் என்று அந்தக் குழுவிடம் சொல்லிவிடுகிறேன், அவர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதுவதுதான் எனக்கு முக்கியம். ஒரு சந்தேகம் பாக்கி. அந்த இணைய இதழ் இப்போது ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. “எல்லா உரிமைகளும் இதழுக்கே” என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? வேலையை இப்போதே விட்டுவிடலாமா?

பழைய நோட்டு:

அந்த வரியை அப்படியே ஏற்காதீர்கள். 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த எல்லா நாடுகளிலும் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை, எழுதியதுமே அது உண்டாகிவிடுகிறது. ஃப்ரீலான்ஸ் எழுத்தில் அது பொதுவாக உங்களுடையது, நீங்களாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதவரை. “முதல் வெளியீட்டு உரிமை இதழுக்கு, குறிப்பிட்ட காலத்துக்குப் பின் மறுவெளியீட்டு உரிமை எனக்கு” என்று மாற்றிக் கேளுங்கள். கேட்டால் பல இதழ்கள் இறங்கி வருகின்றன. பிற்காலத்தில் தொகுப்பு நூல் போட இந்த ஒரு வரிதான் கைகொடுக்கும். பணம் எப்போது என்பதையும் பாருங்கள். ‘வெளியானதும்’ என்று இருந்தால் கட்டுரை மாதக்கணக்கில் கிடப்பில் கிடக்கலாம், ‘ஏற்றுக்கொண்டதும்’ என்று கேளுங்கள். கேட்டு வாங்கிய கட்டுரையை வெளியிடாமல் விட்டால் ஒரு பங்கு தரும் கில் ஃபீ உண்டா என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

வேலையை இப்போது விடவேண்டாம். மாதாமாதம் வரும் எழுத்து வேலை ஒன்றாவது கையில் இருக்கட்டும், அப்புறம் அலுவலக நேரத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். கணக்குத் தெரிந்தவர் நீங்கள். விழாக்களின் வரவு செலவு, ஸ்ட்ரீமிங் வருமானம் எப்படிப் பிரிகிறது என்பதையெல்லாம் புரிந்து எழுத இசை எழுத்தில் ஆள் குறைவு. அந்தக் கட்டுரைகளை உங்களால் எழுத முடியும்.

கடைசியாகக் காது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் பாதுகாப்பு என்றால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நயோஷின் கணக்கு. 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சின்ன அரங்கில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அந்த அளவு சுலபமாகத் தாண்டிவிடும். சாதாரணப் பஞ்சு அடைப்பான் மேல்சுரங்களை விழுங்கிவிடும், சிம்பலும் பாட்டு வரியும் மங்கிக் கேட்கும். இசைக்காரர்களுக்கென்றே ஃபில்டர் வைத்த அடைப்பான் கிடைக்கிறது. அது எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், விமர்சனம் எழுதக் காது தெளிவாகவே இருக்கும். சவுண்ட் டெஸ்க் பக்கத்தில் நில்லுங்கள், மிக்ஸ் சரியாகக் கேட்கும் இடம் அதுதான்.