க்ளோசர் என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்: ‘கடைக்காப்பாளர்’

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். அடிப்பந்தாட்டக் (பேஸ்பால்) கலைச்சொற்கள் குறித்துச் சென்ற வாரம் தொடங்கிய இழையில் ‘க்ளோசர்’ என்னும் சொல்லுக்கு ‘முடிப்பாளர்’, ‘மூடுநர்’, ‘இறுதி எறிநர்’ ஆகிய மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் பொருத்திப் பார்த்த பிறகு, மூன்றுமே அந்தப் பொறுப்பின் உட்பொருளைத் தொடவில்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்னும் அமெரிக்க அணியின் 2003ஆம் ஆண்டுக் கதையைத் தமிழில் எழுத முயன்றபோதுதான் இந்தக் குறை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது என்பதால், அந்தக் கதையையே சான்றாக வைத்துப் பேசுகிறேன்.

முதலில், பந்தை எறிபவரைப் பற்றி ஒரு சொல். கிரிக்கெட்டின் ‘பந்துவீச்சாளர்’ இங்கே வேண்டாம் என்று இழையில் ஒருவர் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். முழங்கையை மடக்கி நீட்டி எறிவது கிரிக்கெட்டில் குற்றம். அடிப்பந்தாட்டத்தில் அதுவே ஆட்டம். ஓட்டுநர், இயக்குநர், பெறுநர் என்ற வரிசையில் ‘எறிநர்’ இயல்பாக அமைகிறது. ஆட்டத்தைத் தொடங்குபவர் தொடக்க எறிநர். அவர் களைத்ததும் வருபவர் மாற்று எறிநர். இவற்றில் பெரிய கருத்து வேறுபாடு இருக்காது என்று நம்புகிறேன்.

க்ளோசர் என்பவர் யார்? ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் (ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரு அணிகளும் ஒருமுறை மட்டை பிடிக்கும்; மூன்று பேர் ஆட்டமிழந்தால் அந்த அணியின் முறை முடியும்), தன் அணி சிறிய வித்தியாசத்தில் முன்னணியில் இருக்கும்போது, பெரும்பாலும் ஒன்பதாவது இன்னிங்ஸில் களமிறங்கி, கடைசி மூன்று பேரை ஆட்டமிழக்கச் செய்து, அதுவரை மற்றவர்கள் ஈட்டிய வெற்றியைக் கைநழுவாமல் காப்பவர். இந்த விளக்கத்தில் உயிர்நாடியான சொல் ‘காப்பவர்’ என்பதுதான். இறுதியில் எறிவது மட்டும் அவரை க்ளோசர் ஆக்கிவிடாது. எட்டு ஓட்டங்கள் பின்தங்கித் தோற்கும் அணிக்கும் கடைசியாக ஒருவர் எறிந்துதான் ஆக வேண்டும். அவரை யாரும் அப்படி அழைப்பதில்லை. ஆகவே ‘இறுதி எறிநர்’ வரிசையைச் சொல்கிறதே தவிர வேலையைச் சொல்லவில்லை. ‘முடிப்பாளர்’ என்பதில் வேறு சிக்கல் இருக்கிறது. இலக்கைத் துரத்தி ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் மட்டையாளரைக் கிரிக்கெட் எழுத்தில் ‘ஃபினிஷர்’ என்கிறோம். முடிப்பாளர் என்றதும் வாசகருக்கு அவர்தான் நினைவுக்கு வருவார். ‘மூடுநர்’ வெறும் சொல்லுக்குச் சொல். எதை மூடுகிறார் என்று கேட்டால் விடை இல்லை.

வரலாற்று முறையில் பார்த்தாலும் காத்தல் என்னும் கருத்து இங்கே அடிப்படையானது. முன்னணியைக் காத்துக்கொடுத்ததற்காக எறிநர் கணக்கில் ஏறும் ‘சேவ்’ என்னும் புள்ளிவிவரத்தை வடிவமைத்தவர் சிகாகோ விளையாட்டு எழுத்தாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன். பிட்ஸ்பர்க் அணியின் மாற்று எறிநர் எல்ராய் ஃபேஸ் 1959இல் 18 வெற்றி, 1 தோல்வி என்ற வியப்பூட்டும் கணக்குடன் பருவத்தை முடித்தார். ஆனால் அந்த வெற்றிகளில் சில, அவரே முன்னணியைப் பறிகொடுத்த பிறகு சக ஆட்டக்காரர்கள் அடித்து மீட்டுக்கொடுத்தவை. வெற்றிக் கணக்கு மாற்று எறிநரின் உண்மையான உழைப்பைக் காட்டவில்லை என்பதை ஹோல்ட்ஸ்மன் உணர்ந்து, காத்துக்கொடுத்ததை எண்ணும் ஒரு கணக்கை முன்வைத்தார். 1969இல் அது அதிகாரபூர்வமான புள்ளிவிவரமாயிற்று. வென்ற அணிக்காக ஆட்டத்தை முடித்துவைக்கும் எறிநர், மூன்று ஓட்டங்களுக்கு மேற்படாத முன்னணியுடன் வந்து ஒரு முழு இன்னிங்ஸாவது எறிந்திருந்தால், அல்லது எதிரணியின் சமன்செய்யும் ஓட்டக்காரர் தளத்திலோ, மட்டையுடனோ, அடுத்த முறைக்குக் காத்தோ நிற்கும் நெருக்கடியில் வந்திருந்தால், அல்லது மூன்று இன்னிங்ஸ் எறிந்து முடித்திருந்தால், அந்தக் கணக்கு அவர் பெயரில் ஏறும். வெற்றி அவர் பெயரிலேயே பதிவாகியிருந்தால் மட்டும் ஏறாது.

‘சேவ்’ என்பதற்குச் ‘சேமிப்பு’ என்று இழையில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அது வங்கிக்கும் கணினிக்கும் உரியது. இங்கே வேண்டியது ‘காப்பு’. இந்தச் சொல்லை நிலைநிறுத்திவிட்டால் அதைச் செய்பவரின் பெயர் தானாகக் கிடைக்கிறது. நம் நூல்களின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் இருக்கிறது. சம்பந்தர் பதிகத்தின் முடிவில், பாடியவர் பெயரையும் பாடுவோர் பெறும் பயனையும் சொல்லி நிறைவுசெய்யும் பாட்டுக்குத் ‘திருக்கடைக்காப்பு’ என்று பெயர். கடை என்பது முடிவு. காப்பு என்பது பாதுகாவல். அதோடு, கடை என்றால் வாயில் என்றும் பொருள் உண்டு; வீட்டின் பின்வாயிலையும் கொல்லையையும் புழக்கடை என்கிறோமே, அந்தக் கடைதான். முடிவு, வாயில், காவல் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் தரும் ‘கடைக்காப்பு’ நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும்போது, வேறு சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆகவே பணிக்குக் கடைக்காப்பு, அதைச் செய்பவருக்குக் கடைக்காப்பாளர் என்று முன்மொழிகிறேன்.

இனி பாஸ்டன் கதை. 2002இல் 40 காப்புகள் பெற்ற உகேத் உர்பினா பருவம் முடிந்ததும் அணியை விட்டுச் சென்றார். அப்போதுதான் பொது மேலாளராகப் பொறுப்பேற்றிருந்த இளைஞர் தியோ எப்ஸ்டீனும், ஆலோசகராகச் சேர்ந்திருந்த புள்ளியியல் அறிஞர் பில் ஜேம்ஸும் அந்த இடத்துக்கு ஒருவரையே அமர்த்துவது கட்டாயமில்லை என்று கருதினர். மூன்று ஓட்ட முன்னணியுடன் ஒன்பதாவது இன்னிங்ஸைத் தொடங்குவது அவ்வளவு கடினமல்ல. ஏழாவது இன்னிங்ஸில் ஆட்டம் சமநிலையில் தத்தளிக்கும்போதுதான் மிகச் சிறந்த மாற்று எறிநர் தேவைப்படுகிறார் என்பது ஜேம்ஸின் வாதம். தர்க்கப்படி அது சரியான வாதம் என்றே நானும் நினைக்கிறேன். ஒருவருக்குப் பதிலாகப் பலர் அந்தப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் இந்தத் திட்டத்தைச் செய்தியாளர்கள் குழுமுறை என்று சுருக்கி எழுதினார்கள்.

2003 மார்ச் 31 அன்று, பருவத்தின் முதல் ஆட்டத்தில், டாம்பா பே அணிக்கு எதிராக பாஸ்டன் 4-1 என்ற முன்னணியுடன் ஒன்பதாவது இன்னிங்ஸின் பிற்பாதிக்குள் நுழைந்தது. மாற்று எறிநர்களான ஆலன் எம்ப்ரீயும் சாட் ஃபாக்ஸும் சேர்ந்து ஐந்து ஓட்டங்களைக் கொடுத்தார்கள். ஃபாக்ஸின் பந்தில் கார்ல் கிராஃபர்ட் அடித்த மூன்று ஓட்ட ஹோம்ரன்னுடன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல எல்லைக்கு வெளியே போகும் அடி) ஆட்டம் 6-4 என முடிந்தது. முதல் நாளிலேயே விழுந்த இந்த அடியிலிருந்து அந்தத் திட்டம் மீளவில்லை. மே மாத இறுதியில் ஷே ஹில்லன்பிராண்ட் என்னும் ஆட்டக்காரரைக் கொடுத்து அரிசோனாவிடமிருந்து எறிநர் கிம் பியுங்-ஹியுனை வாங்கினார்கள். கோடையில் அவர் அந்தப் பொறுப்பை ஏற்று 16 காப்புகள் பெற்றார்; ஆனால் ஓக்லாந்துக்கு எதிரான பின்பருவத் தொடரின் (பருவம் முடிந்தபின் நடக்கும் வெளியேற்றுச் சுற்று) முதல் ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் ஒருவரை மட்டும் ஆட்டமிழக்கச் செய்ய வேண்டிய நிலையில், அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். அந்தத் தொடரின் ஐந்தாவது, தீர்மானமான ஆட்டத்தைக் கடைசியில் காத்துக்கொடுத்தவர் தொடக்க எறிநரான டெரெக் லோ. 95 ஆட்டங்களில் வென்ற ஓர் அணி, அக்டோபரிலும் கடைசி மூன்று பேரை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாமல் நின்றது. அதே மாதம் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான அடுத்த தொடரில், நியூயார்க்கில் நடந்த ஏழாவது, கடைசி ஆட்டத்தில், களைத்துப்போயிருந்த பெட்ரோ மார்ட்டினெஸை எட்டாவது இன்னிங்ஸில் மேலாளர் கிரேடி லிட்டில் மாற்றாமல் விட, 5-2 முன்னணி கரைந்து ஆட்டம் சமனாகி, ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டி நீண்டது. மறுபக்கம் யாங்கீஸின் க்ளோசர் மரியானோ ரிவேரா மூன்று இன்னிங்ஸ் எறிந்து ஓர் ஓட்டமும் கொடுக்காமல் காத்து நின்றார். பதினோராவது இன்னிங்ஸில் பாஸ்டனின் டிம் வேக்ஃபீல்டின் பந்தில் யாங்கீஸின் ஆரன் பூன் அடித்த ஹோம்ரன்னோடு பாஸ்டனின் ஆண்டு முடிந்தது.

அடுத்த பருவத்துக்கு அவர்கள் ஓக்லாந்தில் 43 காப்புகள் பெற்றிருந்த கீத் ஃபோல்க்கை அமர்த்தினார்கள். 2004 அக்டோபர் 27 அன்று செயின்ட் லூயிஸில், எட்கர் ரென்டெரியா அடித்துத் தன்னிடமே வந்த பந்தைப் பிடித்து முதல் தளத்துக்கு எறிந்து, 1918க்குப் பிறகு பாஸ்டன் கண்ட முதல் உலகத் தொடர் (ஆண்டின் இறுதிச் சாம்பியன் தொடர்) வெற்றியை நிறைவுசெய்தவர் அவர்தான்.

இந்தக் கதையில் ‘பாஸ்டனுக்கு இறுதி எறிநர் இல்லை’ என்று எழுதிப் பாருங்கள். பொருளே பிழையாகிவிடும், ஏனெனில் ஒவ்வொரு நாளும் ஒருவர் இறுதியாக எறியத்தான் செய்தார். ‘பாஸ்டனுக்குக் கடைக்காப்பாளர் இல்லை’ என்னும்போது குறை எங்கே என்பது உடனே புரிகிறது. ஜேம்ஸின் திட்டத்தைக் ‘கூட்டுக் கடைக்காப்பு’ எனலாம். முன்னணியைப் பறிகொடுத்த நிகழ்வை ‘நழுவிய காப்பு’ எனலாம்.

மறுப்பு ஒன்றை எதிர்பார்க்கிறேன். தனிமடலில் அது வந்தும் விட்டது:

> கடைக்காப்பாளர் என்றால் மளிகைக்கடையைக் காப்பவர் என்றுதான் படிப்பார்கள்.

முதல்முறை பார்க்கும்போது அப்படித் தோன்றலாம். ஆனால் கடைக்குட்டியையும் கடைமடையையும் யாரும் அங்காடியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதில்லை. இடம் பொருளைத் தெளிவாக்கிவிடுகிறது. கட்டுரையில் முதலில் வருமிடத்தில் ‘கடைக்காப்பு எறிநர்’ என்று முழுமையாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். ‘கடைக்காப்பர்’ என்று இன்னும் சுருக்கலாமா என்றும் அந்த நண்பர் கேட்டார். செம்பைக் குறிக்கும் காப்பர் காதில் விழுவதால் அது வேண்டாம்.

தலை, இடை, கடை என்னும் நம் பழைய வரிசை இங்கே இன்னொரு வகையிலும் உதவும். எட்டாவது இன்னிங்ஸில் முன்னணியைக் காத்துக் கடைக்காப்பாளரிடம் ஒப்படைப்பவரை ‘இடைக்காப்பாளர்’ என்று அழைக்கலாமா, அல்லது ஆறாவது, ஏழாவது இன்னிங்ஸில் வருபவர்களுக்கே அச்சொல்லை ஒதுக்கிவிட்டு எட்டாவதற்கு வேறு சொல் காண வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு இல்லை. அதுபற்றி நண்பர்கள் எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
குழும உறுப்பினர் ஒருவர்