பாஸ் கிட்டாரிலிருந்து டபுள் பாஸுக்கு: கை வலி, ஈ கம்பியில் இரைச்சல், எந்தக் கம்பி வாங்குவது?

தக்கலைத் தாழ்சுரம்:

கல்லூரி நாள்களிலிருந்து பாஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவோடும், கல்யாண வரவேற்புகளில் நண்பர்களோடும் வாசித்துப் பழக்கம். இப்போது வயலின் வடிவில் ஆளுயரம் நிற்கும் ஒரு டபுள் பாஸ் கைக்கு வந்திருக்கிறது. கலைந்துபோன ஓர் இசைக்குழுவின் அறையில் பல வருடங்கள் சுவரில் சாய்ந்தே கிடந்தது, முக்கால் அளவு. ஈ, ஏ, டி, ஜி என்று கிட்டாரின் அதே வரிசைதான் என்பதால் சுரம் தேடுவதில் சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் கையில்தான்.

சிறிது நேரம் வாசித்தாலே இடது பெருவிரலின் அடி கழன்றுவிடும் போல வலிக்கிறது. கீழ்ச்சுரங்களில் சுண்டுவிரல் எட்டாமல் சுரம் தாழ்ந்தே ஒலிக்கிறது. ஈ கம்பியைச் சும்மா மீட்டினாலே கூடவே 'ஜ்ர்ர்' என்று ஓர் இரைச்சல்.

பழைய கம்பிகள் துருவேறிக் கறுத்துவிட்டன, மாற்றியே ஆக வேண்டும். ஒருவர் ஆட்டுக்குடல் நரம்பு போடு, குரல் கனிந்து வரும் என்கிறார். இன்னொருவர் ஸ்பைரோகோர் என்ற எஃகுக் கம்பி தவிர எதையும் தொடாதே என்கிறார். 'சோலோ' என்று அச்சிட்ட ஒரு செட் இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. டிசம்பர் கேரலுக்குள் வில்லாலும் விரலாலும் ஓரளவு வாசித்துவிட வேண்டும். எதை வாங்கட்டும்?

குளச்சல் கரை:

தம்பி, நான் செல்லோ வாசிப்பவள். நரம்புக் கம்பியை மறந்துவிடுங்கள். அதன் குரல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் குடல் நரம்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும், சுருதி நிலைக்காது. நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, நடுவில் கடற்காற்று. ஒரு கீர்த்தனைக்கும் அடுத்த கீர்த்தனைக்கும் நடுவில் சுருதி கூட்டிக்கொண்டே இருப்பீர்கள். எஃகுக் கம்பி போதும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து உறை போட்டு வையுங்கள். உப்புக்காற்று எஃகையும் விடாது.

வடசேரி வில்:

கம்பிப் பேச்சை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள் தம்பி. புதுக் கம்பி ஒரு செட் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும். அதைப் போட்டும் கை வலித்தால் யாரைக் கேட்பது? முதலில் ஓர் அளவுகோலை எடுங்கள். கழுத்தில் விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டு முடியும் இடத்தில், பலகைக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று நான்கு கம்பிகளுக்கும் பார்த்துச் சொல்லுங்கள். எஃகுக் கம்பிக்கு ஜியில் 5 அல்லது 6 மில்லிமீட்டர், ஈயில் 8 அல்லது 9 இருந்தால் தொடங்குபவருக்கு வசதி. பிறகு தலைப்பக்கம், கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் சிறு கட்டையான நட்டைப் பாருங்கள். அதன் அருகில் கம்பிக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். அங்கே உயரம் கூடினால் முதல் இரண்டு சுரங்களுக்கே கை ஒடிந்துவிடும்.

இனி சுண்டுவிரல். பாஸ் கிட்டாரின் கம்பி நீளம் 34 அங்குலம். உங்கள் கையிலிருப்பது ஏறத்தாழ 42 அங்குலம். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில், முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது வரை 13 சென்டிமீட்டர்தான். ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று நான்கையும் வைத்துவிடலாம். அதே நான்கு சுரங்கள் இங்கே 16 சென்டிமீட்டர். எந்தக் கையும் அதைத் தாங்கிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க நிற்காது. அதனால்தான் டபுள் பாஸ் ஆசிரியர் ஃபிரான்ட்ஸ் சிமாண்டில் வழியில் கற்பவர்கள் ஒன்று, இரண்டு, நான்கு என்றே விரல் வைக்கிறார்கள். மோதிரவிரல் தனியாக வேலை செய்யாது. சுண்டுவிரலுக்குத் துணையாகச் சேர்ந்தே அழுத்தும். சுட்டுவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒரு முழுச்சுரம், 11 சென்டிமீட்டர். அதற்கு மேல் வேண்டுமென்றால் விரலை நீட்டாதீர்கள், கையையே நகர்த்துங்கள்.

பெருவிரல் வலிக்கு மருந்தும் இதிலேயே பாதி இருக்கிறது. கழுத்தைப் பாக்குவெட்டியில் வைத்த பாக்கைப் போல நெரிக்காதீர்கள். பெருவிரல் நடுவிரலுக்கு நேர் பின்னால் சும்மா தொட்டுக்கொண்டிருக்கட்டும். முழங்கையைத் தொங்கவிடாமல், தோளிலிருந்து கையின் கனத்தைக் கம்பியின்மேல் இறக்குங்கள். சரியாகப் பிடிக்கிறீர்களா என்று பார்க்க, பெருவிரலை முழுவதும் எடுத்துவிட்டு ஒரு சுரம் வாசித்துப் பாருங்கள். ஒலி வந்தால் சரி.

நித்திரவிளை ஆர்கன்:

இந்தப் பெட்டியைத் தூக்கிச் சுமக்கும் துன்பம் தீரட்டும் என்றுதானே லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பாஸ் என்ற மின் பாஸ் கிட்டாரைக் கொண்டுவந்தார்? ஃப்ரெட் இல்லாத பாஸ் கிட்டார் ஒன்றை வாங்கி, பட்டைச் சுற்றுக் கம்பி போட்டால் ஏறக்குறைய அதே குரல் வந்துவிடும். பஸ்ஸிலும் ஏறலாம். டபுள் பாஸோடு எந்த நடத்துநர் உங்களை ஏற்றுவார்?

தக்கலைத் தாழ்சுரம்:

ஆர்கன் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வில் போட முடியாதே. பாமாலையின் மெதுவான பாட்டுகளில் தாழ்குரலோடு சேர்த்து வில்லால் நீட்டி வாசிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வில் அண்ணாச்சி, அளந்துவிட்டேன். ஜி 11, டி 12, ஏ 14, ஈ 15 மில்லிமீட்டர். கம்பிகளைத் தாங்கி நிற்கும் குதிரையில் ஏற்றி இறக்கும் சக்கரம் எதுவும் இல்லை. நட்டில் கார்டு இரண்டு மடிப்பாகவே நுழைகிறது. பெருவிரலை எடுத்துவிட்டு வாசித்தால் ஒலியே வரவில்லை. பக்கத்துத் தெரு ஆசாரி, குதிரையைச் சீவித் தந்துவிடுகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

வடசேரி வில்:

15 மில்லிமீட்டரா! இதில் யார் வாசித்தாலும் கை போகும். குற்றம் உங்கள் பெருவிரலில் மட்டுமில்லை.

ஆசாரியிடம் கொடுக்க வேண்டாம். கதவும் கட்டிலும் நன்றாகச் செய்பவராகவே இருக்கட்டும். குதிரையின் மேல்விளிம்பு வளைவு ஃபிங்கர்போர்டின் வளைவோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் வில் ஒரு கம்பியைத் தொடும்போது பக்கத்துக் கம்பியும் உளறும். அதன் கால்கள் வயிற்றுப் பலகையில், அதாவது கருவியின் முன்பலகையில், இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். திருவனந்தபுரத்தில் வயலின், செல்லோ பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். குதிரையை இறக்கும்போதே அதன் இரு கால்களிலும் திருகுச் சக்கரம் பொருத்தச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து வயிறு உப்பும், கம்பியும் மேலேறும். சக்கரம் இருந்தால் ஒரு சுற்றில் சரிசெய்துகொள்ளலாம். உங்கள் கருவி ப்ளைவுட்டா, முழு மரமா? முன்பலகையிலுள்ள எஃப் வடிவத் துளையின் விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். சப்பாத்தி அடுக்கு மாதிரி கோடுகள் தெரிந்தால் ப்ளைவுட். அப்படியானால் மகிழுங்கள், நம் ஊர்க் காற்றுக்கு அதுதான் நல்லது.

இரைச்சலுக்கு: ஒருவர் ஈ கம்பியை மீட்டிக்கொண்டே இருக்க, இன்னொருவர் ஒவ்வோர் உறுப்பாக விரலால் அழுத்திப் பார்க்கட்டும். தலையிலுள்ள முடுக்குகள், தரையில் ஊன்றும் எண்ட்பின்னின் திருகு, கம்பிகளின் கீழ்முனையைப் பிடிக்கும் டெயில்பீஸைக் கட்டியிருக்கும் கம்பி எல்லாவற்றையும். எங்கே தொட்டால் இரைச்சல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. எதிலும் நிற்கவில்லையென்றால், விரல் முட்டியால் வயிற்றுப் பலகையின் ஓரமாகவே தட்டிக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். ஒட்டு விட்ட இடத்தில் 'டக்' என்ற கெட்டிச் சத்தம் மாறி, 'சள' என்று தளர்ந்து கேட்கும்.

தக்கலைத் தாழ்சுரம்:

ப்ளைவுட்தான். அடுக்குகள் தெளிவாகத் தெரிகின்றன.

இரைச்சலையும் கண்டுபிடித்துவிட்டோம் அண்ணாச்சி. என் தங்கை மீட்ட, நான் தட்டிக்கொண்டே வந்தேன். எண்ட்பின்னுக்கு வலப்பக்கம், ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டு விட்டிருக்கிறது; நடுவில் ஒரு தபால் அட்டை நுழைகிறது. அந்த இடத்தை இரு உள்ளங்கைகளாலும் சேர்த்துப் பிடித்தால் இரைச்சல் அடங்குகிறது. ஃபெவிகால் விட்டுக் கயிறு கட்டினால் போதாதா?

குளச்சல் கரை:

ஐயோ, வேண்டாம் தம்பி! இந்த ஓரங்களை விலங்குத்தோல் பசையால் ஒட்டுவதே, மரம் இழுத்துக்கொள்ளும்போது பலகை பிளப்பதற்கு முன் ஒட்டு விட்டுக்கொடுக்கட்டும் என்பதற்காகத்தான். ஃபெவிகால் விட்டால் அடுத்த முறை ஒட்டு விடாது, பலகை கிழியும். அதன்மேல் தோல் பசையும் பிடிக்காது. குதிரைக்குப் போகும்போதே இதையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள். போகும் வழியில் சாப்பிட இறங்கினால் வண்டியை வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூடிய வண்டியின் வெக்கைக்கு இந்தப் பசை இளகும்.

பாளையம் பாஸ்:

சொந்த ஊர் குழித்துறை; பிழைப்பு திருவனந்தபுரத்தில். கம்பிக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த 'சோலோ' செட்டை யாரும் கண்டுகொள்ளவில்லை. வாங்கிவிடாதீர்கள் தம்பி. சோலோக் கம்பி ஒரு முழுச்சுரம் மேலே, எஃப் ஷார்ப், பி, ஈ, ஏ என்று கூட்டுவதற்காகச் செய்தது. அதை வழக்கமான ஈ, ஏ, டி, ஜிக்கு இறக்கினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்து கம்பி தொளதொளக்கும். மென்மைக்காக வேண்டுமென்றே அப்படிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்; ஆனால் முதல் செட்டாக வேண்டாம். உறையில் 'ஆர்க்கெஸ்ட்ரா' என்றும் 'முக்கால்' என்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வியன்னாவின் தோமாஸ்டிக் ஸ்பைரோகோரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் பெரும்பாலும் விரலால் மீட்டும் ஜாஸ்காரர்கள். மீட்டினால் சுரம் நீண்டு நிற்கும், அடியில் ஓர் உறுமல் இருக்கும். உண்மையிலேயே அருமையான கம்பி. ஆனால் புதிதாக இருக்கும்போது வில்லுக்கு அடங்காது, வழுக்கும், கீச்சிடும். பாமாலைதான் ஆசை என்கிறீர்கள், அதனால் அது உங்களுக்கு இரண்டாம் இடம்தான். பிராஸ்ட்ரோவின் ஒப்ளிகாட்டோ செயற்கை இழை மையமுடையது. விரலுக்கு இதம், வில்லுக்கும் இணங்கும், ஆனால் இரைச்சலான கூட்டத்தில் குரல் அமுங்கிவிடலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது டி'அடாரியோவின் ஹெலிகோர் ஹைப்ரிட். பெயரே சொல்வது போல வில்லுக்கும் விரலுக்கும் பொதுவாகச் செய்தது. அதே ஹெலிகோரில் 'ஆர்க்கெஸ்ட்ரல்', 'பிஸிகாட்டோ' என்று வேறு இரண்டு வகைகளும் உண்டு, மாற்றி எடுத்துவிடாதீர்கள். ஹைப்ரிட்டில் லைட் வாங்குங்கள். பாஸ் கிட்டார் கம்பி ஒன்றின் இழுவிசை 18 முதல் 23 கிலோ வரை. இங்கே ஒவ்வொன்றும் 25 கிலோவைத் தாண்டும். கை பழகும்வரை கனத்த கம்பி எதற்கு?

நித்திரவிளை ஆர்கன்:

சரி, வில் போடட்டும். ஆனால் கல்யாண வரவேற்பில் மைக் போட்டால் கூச்சல்தான் மிஞ்சும். கருவியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப் வாங்கினால் அதை நேராக மிக்ஸரில் செருகாதீர்கள். பீஸோ பிக்கப்புக்குக் குறைந்தது 1 மெகா ஓம் உள்ளீடு வேண்டும். இல்லையென்றால் அடிக்குரல் போய்த் தகரம் தட்டுவது போல இருக்கும். நடுவில் ஒரு ப்ரீஆம்ப், அதாவது முன்பெருக்கி, வையுங்கள்.

தக்கலைத் தாழ்சுரம்:

எல்லாருக்கும் நன்றி. ஒட்டும் குதிரையும் முடிந்து வீடு வந்தாகிவிட்டது. இப்போது ஜி 6, ஈ 9. பழைய துருக்கம்பியிலேயே கை வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஹெலிகோர் ஹைப்ரிட் லைட் சொல்லி வைத்திருக்கிறேன். வந்தால் நானே மாற்றலாமா? இன்னொன்று: கோயிலில் டைல்ஸ் தரை, எண்ட்பின் வழுக்கிக்கொண்டே போகிறது.

வடசேரி வில்:

மாற்றலாம், ஆனால் நான்கையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள். உள்ளே சவுண்ட்போஸ்ட் என்ற மரக்குச்சி பசையில்லாமல், கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அழுத்தம் போனால் குதிரையும் விழும், குச்சியும் விழும், மறுபடி திருவனந்தபுரம்தான். ஒன்றைக் கழற்றி, அதற்குப் புதியதைப் போட்டு ஓரளவு இறுக்கிய பிறகே அடுத்தது. நட்டிலும் குதிரையிலும் கம்பி உட்காரும் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேயுங்கள், கம்பி திக்காமல் நகரும். இறுக்க இறுக்கக் குதிரை தலைப்பக்கமாகச் சாயும். டெயில்பீஸைப் பார்க்கும் முகம் செங்குத்தாக நிற்கும்படி அவ்வப்போது இரண்டு கைகளாலும் பின்னுக்கு இழுத்துவிடுங்கள். கழற்றிய ஈ கம்பியை எறியாமல் சுருட்டி வையுங்கள், அவசரத்துக்கு ஆகும்.

தரைக்கு ஊன்றுகோல் முனையில் மாட்டும் ரப்பர் குப்பி போதும். ரப்பர் விளைகிற மாவட்டத்தில் இதற்காக வெளிநாட்டுச் சாமான் வரவழைக்க வேண்டாம். எண்ட்பின்னின் தடிமனை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கொஞ்சம் இறுக்கமானதையே கேளுங்கள்.