வெங்காய விலை சரி, பருப்பு விலை மட்டும் பழசு: போனில் ஏன் இப்படி?

நாலாம்குறுக்கு:
கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் என் சித்தப்பாவுக்கு மொத்த வியாபாரக் கடை. பருப்பு, சீனி, வெங்காயம், செத்தல் மிளகாய். போன வருடம் அவருக்கு ஒரு சின்ன வெப் ஆப் எழுதிக் கொடுத்தேன். காலையில் கடை திறந்ததும் ஏழு மணிபோல் அன்றைய விலையை அதில் போடுவார். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், வத்தளைப் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் ஒரு நாற்பது பேர் அதைப் போனில் பார்த்துவிட்டுச் சாமான் எடுக்க வருவார்கள்.

போன செவ்வாய் கொட்டாஞ்சேனை அண்ணன் ஒருவர் ஓட்டோவில் வந்து மைசூர் பருப்பு நாலு மூட்டை கேட்டார், 25 கிலோ மூட்டை. சிட்டை எழுதும்போது கிலோ 297 என்றதும் போனை நீட்டினார். திரையில் 285. அன்று காலைதான் சித்தப்பா விலையை மாற்றியிருந்தார். அந்த அண்ணன் என் கண்முன்னாலேயே திரையைக் கீழே இழுத்து ரிஃப்ரெஷ் செய்தார், அப்போதும் 285. "எங்கட பலகையில அந்த விலை இருந்தா அதுதான் விலை" என்று சொல்லி சித்தப்பா 285க்கே போட்டுக் கொடுத்தார். 1200 ரூபா போனது ஒரு பக்கம். அந்த அண்ணன் நாங்கள் விலையை ஏமாற்றுகிறோம் என்று ஒரு நிமிடமாவது நினைத்திருப்பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விளங்காத விஷயம் இதுதான். அதே திரையில் பெரிய வெங்காய விலை சரியாக, அன்றைய விலையாகவே இருந்தது. வெங்காயம் தினமும் மாறும். பருப்பு அதற்கு முன் மூன்று வாரமாக மாறவே இல்லை. என் லேப்டாப்பில் எப்போது பார்த்தாலும் எல்லாம் சரி. ஒவ்வொரு சாமானின் விலைக்கும் தனித்தனி ஜேசன் ஃபைல், அவற்றை அனுப்புவது எஞ்சின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள், பக்கம் திறந்ததும் ஃபெட்ச் என்ற கட்டளை போய் எடுக்கும். ஹெடர் (ஃபைலோடு சர்வர் அனுப்பும் குறிப்பு) எதுவும் நான் வைக்கவில்லை.

மருதானைவாசி:
கேஷ் பிரச்சினைதான், அதாவது பிரவுசர் முன்பு இறக்கிச் சேமித்து வைத்த பிரதியைக் காட்டுகிறது. பிரவுசர் செட்டிங்கில் கேஷை அழிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஃபைல் முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு நேரத்தை ஒட்டி விடுங்கள், ஒவ்வொரு முறையும் புதிதாக இறங்கும்.

நாலாம்குறுக்கு:
நன்றி. ஆனால் நாற்பது கடைக்காரரிடம் செட்டிங்குக்குள் போகச் சொல்ல முடியாது. கல்லாவில் ஆள் நிற்கும்போது ஒரு கையால் பார்க்கிறவர்கள் அவர்கள். நேரத்தை ஒட்டினால் மாறாத விலையும் முழுதாக இறங்கி அவர்களுடைய டேட்டாதான் கரையும். அதைவிட, வெங்காயம் ஏன் தப்பியது என்று தெரியாமல் எதையும் மாற்ற எனக்கு மனமில்லை.

பழையகோட்:
தம்பி, விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஹெடர் வைக்காவிட்டால் பிரவுசர் கேஷ் செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அது தானாக ஒரு ஆயுளைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். எஞ்சின்எக்ஸ் வெறும் ஃபைலுக்கு, அது கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்லும் லாஸ்ட்-மாடிஃபைட் ஹெடரை அனுப்பும், பிரதியை எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் கேஷ்-கண்ட்ரோல் ஹெடரை அனுப்பாது. அப்போது பிரவுசர், ஃபைல் கடைசியாக மாறி எவ்வளவு காலம் ஆனதோ அதில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, அவ்வளவு நேரம் சர்வரைக் கேட்காமலே தன் பிரதியைக் காட்டும். 2022இல் வந்த, கேஷுக்கான தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 9111 இந்தப் பத்து வீதத்தை வழக்கமான அளவாகச் சொல்கிறது. குரோமும் அதைத்தான் செய்கிறது.

உங்கள் பருப்புக்குப் போட்டுப் பாருங்கள். 20 நாள் மாறாத ஃபைலை அவர் திங்கள் மாலை பார்த்திருந்தால் 2 நாளுக்கு அது புதுசு என்றே போன் நம்பும். வெங்காய ஃபைல் காலை ஏழுக்கு மாறி, அவர் பத்து மணிக்குப் பார்த்திருந்தால் ஆயுள் 18 நிமிடம். மறுநாள் காலையில் கட்டாயம் சர்வரைக் கேட்கும். அதாவது அதிக நாள் அசையாத விலைதான், அசையும்போது அதிக நாள் பொய் சொல்லும்.

இழுத்து ரிஃப்ரெஷ் செய்தால் பக்கத்தைத்தான் சர்வரிடம் கேட்கும், பிறகு ஃபெட்ச் எடுக்கிற ஃபைல் பழையபடி கேஷிலிருந்தே வரலாம். லேப்டாப்பில் டெவ்டூல்ஸ் (பிரவுசருக்குள் கோளாறு பார்க்கும் கருவி) திறந்து, கேஷை நிறுத்தும் 'டிசேபிள் கேஷ்' டிக் போட்டிருப்பீர்கள், பாருங்கள். அது திறந்திருக்கும்வரை உங்களுக்கு இந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

செய்ய வேண்டியது: அந்த ஃபைல்களுக்கு கேஷ்-கண்ட்ரோல் நோ-கேஷ் வையுங்கள். எஞ்சின்எக்ஸில் 'எக்ஸ்பயர்ஸ் -1' என்று எழுதினாலே அது போகும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நோ-கேஷ் என்றால் சேமித்து வை, ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுக் காட்டு என்று அர்த்தம். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று மட்டும் சொல்லும், ஃபைல் திரும்ப இறங்காது, டேட்டா மிச்சம். சேமிக்கவே கூடாது என்பதற்கு நோ-ஸ்டோர், அது வங்கிக் கணக்கு மாதிரி விஷயங்களுக்கு.

இன்னொன்று, இதை மறக்காதீர்கள். பழைய பிரதி வைத்திருக்கும் போன்கள் சர்வரைக் கேட்டால்தானே புது ஹெடர் போய்ச் சேரும்? ஃபைல் இருக்கும் ஃபோல்டரின் பெயரை ஒரு தடவை மாற்றி விடுங்கள், முகவரி புதிது என்பதால் போன் சர்வரைக் கேட்டே ஆகும்.

நாலாம்குறுக்கு:
அண்ணா, டிக் போட்டுத்தான் இருந்தது. எடுத்துவிட்டுப் பார்த்தேன், என் லேப்டாப்பிலும் சீனி விலை பழையது வந்தது. இத்தனை நாள் தேடியது பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது.

நேற்று இரவு ஹெடர் வைத்து, ஃபோல்டரையும் மாற்றினேன். இன்று காலை சித்தப்பா பருப்பை 294க்கு இறக்கினார். அந்தக் கொட்டாஞ்சேனை அண்ணனுக்குப் போன் எடுத்து என்ன தெரிகிறது என்று கேட்டேன். 297 என்றார்! நெஞ்சு திக்கென்றது. பிறகு விசாரித்தால், நேற்றிலிருந்து அந்த டேபை மூடவே இல்லையாம். மூடித் திறந்ததும் 294. இதற்கும் வழி உண்டா?

பழையகோட்:
அது கேஷ் இல்லை, திறந்தபடி கிடக்கும் பக்கம். விசிபிலிட்டிசேஞ்ச் நிகழ்வைக் கேளுங்கள். திரை மறுபடி கண்ணுக்கு வந்ததும் ஃபெட்ச் ஒருமுறை ஓடட்டும். பேக் பட்டனில் திரும்பி வருகிறவர்களுக்கு பேஜ்ஷோ நிகழ்வில் பெர்சிஸ்டட் உண்மையா (பழைய பக்கமே நினைவிலிருந்து அப்படியே வந்ததா) என்று பார்த்து அதையே செய்யுங்கள்.

நாலாம்குறுக்கு:
இரண்டும் சேர்த்துவிட்டேன், மூன்று போனில் பார்த்தேன், சரியாக வருகிறது. சித்தப்பா சொன்னபடி ஒவ்வொரு விலைக்குக் கீழும் 'இன்று காலை 7.10க்குப் போட்டது' என்று நேரமும் வருகிறது. சின்ன எழுத்தில் வைத்திருந்தேன், கண்ணாடி போடாமல் வாசிக்கிற அளவுக்குப் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறார்.