செக் கேஸ்ல முதல் சம்மன் வந்திருக்கு, கோர்ட்டுக்குப் போனா என்ன நடக்கும்?

தையல்கடை:
வணக்கம்ங்க. திருப்பூர் பக்கம் வீட்டோடயே சின்னதா தையல் கடை வச்சிருக்கேன். 2022ல ஒரு பைனான்ஸ்காரர்கிட்ட 1,20,000 வாங்கினேன். தொகை எழுதாம கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்னை வாங்கி வச்சுக்கிட்டார். ஜிபேல 70,000 கட்டிட்டேன். நடுவுல வீட்டுக்காரருக்கு ஆபரேஷன், அதோட நின்னுபோச்சு. இப்போ அதே செக்குல 2,00,000னு எழுதி பேங்க்ல போட்டு, திரும்பினதும் கேஸ் போட்டிருக்கார். நேத்து போலீஸ்காரர் வந்து சம்மன் கொடுத்தார், தெருவே வேடிக்கை பார்த்துச்சு. செக் திரும்பினா போடுற 138ஆவது பிரிவுனு அதுல இருக்கு. 19ஆம் தேதி காலை 10.30க்கு வரச் சொல்லிருக்கு. வக்கீல் நோட்டீஸ்னு ஒன்னு எனக்கு வரவே இல்லை, பழைய வாடகை வீட்டுக்குப் போயிருக்கும் போல. போனவுடனே உள்ள வச்சுருவாங்களா? வக்கீல் வைக்க காசும் இல்லை. பையன் பிளஸ் டூ, அவன்கிட்ட இன்னும் சொல்லலை.

சேவல்:
முதல் வாய்தாவுக்குப் போகாட்டி ஒன்னும் ஆகாதுக்கா. எங்க மாமா ரெண்டு தடவை போகவே இல்லை, சும்மா தேதி மாத்திட்டாங்க.

பழைய குமாஸ்தா:
தம்பி, மாமாவுக்கு நேரம் நல்லா இருந்திருக்கு. எல்லாருக்கும் இருக்காது. அம்மா, கண்டிப்பா போங்க. போகாம விட்டா வாரண்ட் போடுவாங்க, திரும்பத் திரும்ப விட்டா பிடிவாரண்ட். அப்புறம் அதை ரீகால் பண்ண, அதாவது ரத்து பண்ண, தனியா அலையணும். 24 வருஷம் வக்கீல் குமாஸ்தாவா இருந்தவன் சொல்றேன், செக் கேஸ்ல ஆளுங்க மாட்டிக்கிறது கடனால இல்லை, வராம இருக்கிறதால.

138 ஜாமீன்ல விடக்கூடிய குற்றம். அன்னைக்கு உள்ள வைக்க மாட்டாங்க. 2 வருஷம் வரைக்கும் சிறை, இல்ல செக் தொகையில ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமேங்கிறது விசாரணை முடிஞ்சு குற்றம் நிரூபணமானா வர்ற பேச்சு.

10 மணிக்கே போய் வாசல்ல ஒட்டியிருக்கிற பட்டியல்ல உங்க கேஸ் நம்பரைப் பாருங்க. டவாலி பேர் சொல்லிக் கூப்பிடுவார், அந்த நேரம் டீக்கடையில நிக்காதீங்க. உள்ள போய் கும்பிட்டு நின்னா போதும். ஜாமீன் பத்திரம் எழுதிக் கேட்கலாம். ஆள் ஜாமீன் கேட்டா என்ன பண்றதுன்னு, தெரிஞ்சவங்க ரெண்டு பேரை ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதோட தயாரா வச்சுக்கோங்க. சம்மனோட புகார் நகல் கொடுத்தாங்களான்னு பாருங்க, அது சேர்ந்தே வரணும். இல்லைன்னா அன்னைக்கே கேட்டு வாங்குங்க.

வக்கீலுக்குக் காசில்லைன்னு கவலையே வேண்டாம். 1987 சட்டப் பணிகள் சட்டத்துல பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. கோர்ட் வளாகத்துலயே வட்ட சட்டப் பணிகள் குழு ஆபீஸ் இருக்கும், 19க்கு முன்னாடியே போய் மனு கொடுங்க. 15100க்கும் போன் பண்ணலாம். அந்த வக்கீல் உங்ககிட்ட பீஸ் கேட்கக் கூடாது.

தையல்கடை:
ரொம்ப நன்றிங்கய்யா. குற்றத்தை ஒத்துக்கிறீங்களான்னு கேட்டா? கையெழுத்து என்னோடதுதானே.

பழைய குமாஸ்தா:
கையெழுத்து உங்களோடதுங்கிறது வேற, 2 லட்சம் கடன்பட்டேங்கிறது வேற. ரெண்டையும் ஒன்னாக்கி "ஆமாங்க"னு தலையாட்டிட்டு வந்தவங்களை நிறைய பார்த்திருக்கேன். அந்தக் கேள்வி முதல் நாளே வரும்னும் இல்லை. வந்தா "குற்றத்தை ஒத்துக்கலைங்கய்யா, வழக்கை நடத்துறேன்"னு சொல்லுங்க. இங்கிலீஷ்ல படிச்சா தமிழ்ல சொல்லக் கேளுங்க, அது உங்க உரிமை.

வெத்து செக்கா கொடுத்தேன்னு மட்டும் சொன்னா நிக்காது. கையெழுத்து இருந்தாலே கடன் இருக்குன்னுதான் சட்டம் எடுத்துக்கும், இல்லைன்னு காட்ட வேண்டியது நாமதான். உங்க பலம் அந்த 70,000. செக் கொடுத்த பிறகு கடன்ல ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிட்டு, அதை செக்குல குறிக்காம முழுத் தொகைக்குப் போட்டா 138 பொருந்தாதுன்னு 2022ல உச்ச நீதிமன்றம் தஷ்ரத்பாய் படேல் வழக்குல சொல்லிருக்கு. இதை வக்கீல்கிட்ட மறக்காம சொல்லுங்க.

நோட்டீஸ் வரலைங்கிறதை மட்டும் நம்பாதீங்க. சம்மன் கிடைச்ச 15 நாளுக்குள்ள செக் தொகையைக் கட்டாதவர் அந்த வாதம் வைக்க முடியாதுன்னு 2007லயே தீர்ப்பு இருக்கு. ஒத்துக்கலைன்னு சொன்னதும் எதிர்த்தரப்பு செக் தொகையில 20 சதவீதம் வரைக்கும் இடைக்கால இழப்பீடு கேட்கலாம். கேட்டா உடனே கொடுக்கணும்னு கட்டாயம் இல்லை, அது நீதிபதி முடிவு.

மல்லிகா அக்கா:
நானும் இதே கூண்டுல நின்னவதான் தங்கச்சி. நிஜமா பாக்கி இருக்கிற தொகைக்கு ராஜி பேசிப் பாருங்க, 138ல அதுக்கு சட்டத்துலயே இடம் இருக்கு. எனக்கு மக்கள் நீதிமன்றத்துல முடிஞ்சது. அதுக்கு மேல அப்பீல் கிடையாது, அதனால தவணைத் தேதியை நல்லா படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. கோர்ட் வாசல்ல எதிராளியோட ஆள் வந்து வெள்ளைப் பேப்பர் நீட்டினா தொடவே தொடாதீங்க.

தையல்கடை:
போய்ட்டு வந்துட்டேன்ங்க. இலவச வக்கீல் கிடைச்சாங்க, வக்காலத்துல கையெழுத்து வாங்கினாங்க. 10 மணிக்குப் போய் 12.40க்குத்தான் கூப்பிட்டாங்க, உள்ள நின்னது ரெண்டு நிமிஷம் இருக்குமா! பத்திரம் எழுதிக் கொடுத்தேன், அடுத்த மாசம் வாய்தா. என்னைக்காவது வர முடியலைன்னா அன்னைக்குக் காலையிலயே வக்கீலுக்குச் சொல்லணுமாம், மனு போடுவாங்களாம். சேவல் தம்பி, வாரண்ட் ரீகாலுக்கு ஒரு பெரியவர் காலையில இருந்து நின்னுட்டிருந்தார். ஜிபேல கட்டினதுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்துட்டு வரச் சொல்லிருக்காங்க. போன்ல டவுன்லோடு பண்ணினது போதுமா?

பழைய குமாஸ்தா:
போதாதும்மா. நேரா கிளைக்குப் போய் 2022ல இருந்து கேளுங்க. சீல் மட்டும் வச்சு அனுப்பிருவாங்க, கணக்கு நகலை கோர்ட் சாட்சியமா எடுத்துக்க பேங்கர்ஸ் புக்ஸ் சட்டப்படி சான்றும் வேணும்னு சொல்லி எழுதி வாங்கிக்கோங்க.