கே.ஏ. நம்பர் கார் வாங்கி தருமபுரியில் ஓட்டலாமா? 12 மாசக் கணக்கு நிஜமா?

காரிமங்கலத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் மூலமாக ஒரு கார் வந்திருக்கிறது. 2019 மாடல், பெட்ரோல், ஒரே ஓனர், 46 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, கே.ஏ. 51 நம்பர், அதாவது கர்நாடகா பதிவு. 3 லட்சத்து 90 ஆயிரம் சொல்கிறார்கள். இதே வண்டியை நம்ம தருமபுரி டி.என். 29 நம்பரில் கேட்டால் 4 லட்சத்து 60க்குக் கீழே யாரும் வாயே திறப்பதில்லை. 70 ஆயிரம் வித்தியாசம் என்றால் சும்மா விட மனசு வரவில்லை.

இதில் புரோக்கர் ஒரு விஷயம் சொல்கிறார். வெளிமாநில வண்டியை 12 மாசம் வரைக்கும் நம்பர் மாற்றாமல் ஓட்டலாம், சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது, அதற்கப்புறம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று. இது எந்த அளவுக்கு உண்மை? 2023-இல் இங்கே வண்டி வரியை ஏற்றினார்களே, அது இந்த மாதிரி பழைய வண்டிக்கும் பொருந்துமா?

இன்னொரு சின்னக் கேள்வி. போன வாரம் என் மச்சான் கிருஷ்ணகிரியில் ஹெல்மெட் போடாமல் பின்னால் உட்கார்ந்து போனதற்கு 1,000 ரூபாய் செலான். பெங்களூரில் இதற்கே 500 தான் வாங்குகிறார்கள் என்று ஆடிக்கொண்டிருக்கிறான். ஒரே இந்தியா, ஒரே மோட்டார் வாகனச் சட்டம், அப்புறம் எப்படி இரண்டு ரேட்?


நைட் ஷிஃப்ட் ஓசூர்:

மச்சான் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் தினமும் நம்ம எல்லையில் இருக்கிற ஜூஜூவாடியைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி போய் வருகிற ஆள், இரண்டு பக்கமும் கட்டியிருக்கிறேன் (பெருமையில்லை).

சட்டம் ஒன்றுதான். 1988 மோட்டார் வாகனச் சட்டம், அதில் 2019-இல் பெரிய திருத்தம் வந்து அபராதமெல்லாம் எகிறியது. ஹெல்மெட்டுக்கு 194டி பிரிவு, 1,000 ரூபாய். ஆனால் கோர்ட்டுக்குப் போகாமல் ரோட்டிலேயே கட்டி முடிக்கிற தொகையை மாநில அரசே நிர்ணயிக்கலாம் என்று 200-ஆவது பிரிவு சொல்கிறது. எல்லா வித்தியாசமும் அங்கேதான். கர்நாடகாவில் 2019 செப்டம்பரில் புது ரேட்டைப் போட்டு, ஜனங்கள் கத்தியதும் அதே மாதம் குறைத்தார்கள், ஹெல்மெட் 500 ஆனது. நம்ம பக்கம் 2022 அக்டோபர் வரைக்கும் பழைய 100 ரூபாய்தான் ஓடியது, அந்த மாதம் அரசாணை போட்டு ஒரே தாவாக 1,000 ஆக்கினார்கள். ஓட்டுகிறவருக்கும் அதேதான், பின்னால் உட்கார்பவருக்கும் அதேதான். அதே அரசாணையில் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000, இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் தடவை 2,000, ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000.

நம்பர் பிளேட் எந்த மாநிலம் என்பதும் இதில் கணக்கே இல்லை, தப்பு எந்த மண்ணில் நடந்ததோ அந்த ஊர் ரேட். கே.ஏ. வண்டியில் ஹெல்மெட் இல்லாமல் கர்நாடகா பக்கம் அத்திப்பள்ளியில் பிடித்தால் 500, அதே வண்டி இரண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டி ஜூஜூவாடி வந்தால் 1,000. மச்சானை யாரும் ஏமாற்றவில்லை என்று சொல்லுங்கள். ஒரு ஹெல்மெட்டும் வாங்கிக் கொடுங்கள், செலானை விட மலிவு.

கார் விஷயத்தில், நீங்கள் யோசிப்பது சரிதான், வாங்குங்க. எங்கள் தெருவிலேயே பாதி வண்டி கே.ஏ. நம்பர். ஒரு வருஷம் யாரும் கேட்க மாட்டார்கள், புரோக்கர் சொன்ன 12 மாசம் உண்மைதான்.


பாரம் 28:

தம்பி, ஓசூர்க்காரர் அபராதக் கணக்கைச் சரியாகச் சொன்னார், கடைசிப் பத்தியில் சறுக்கிவிட்டார். இருபது வருஷமாக ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் பாரம் எழுதிக் கொடுக்கிறேன், இந்த 12 மாசக் கதையை மாதத்துக்குப் பத்துப் பேராவது என்னிடம் சொல்கிறார்கள்.

12 மாசம் என்பது 47-ஆவது பிரிவு. ஒருவர் தன் பெயரில் இருக்கிற வண்டியோடு வேறு மாநிலத்துக்கு வந்து தங்கினால், 12 மாதத்துக்கு மேல் அங்கேயே வண்டி இருக்குமானால் அந்த மாநில நம்பர் வாங்க வேண்டும். அது குடி மாறி வருகிற ஓனருக்கு. ஓசூர் தெருவில் நிற்கிற கே.ஏ. வண்டிகளில் பாதி அந்த ரகம், பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே வாடகைக்கு இருப்பவர்கள். நீங்கள் விலைக்கு வாங்குகிறீர்கள். வாங்குகிற ஆளுக்கு 50-ஆவது பிரிவு, அதில் இருப்பது 30 நாள். கைமாறிய 30 நாளுக்குள் உங்கள் வீடு எந்த ஆர்.டி.ஓ. எல்லையில் இருக்கிறதோ அங்கே தெரிவித்து ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். வீடு காரிமங்கலம், ஆர்.சி. உங்கள் பெயர் என்றால் நம்பரும் இங்கே மாறித்தான் ஆக வேண்டும். 12 மாசம் சும்மா ஓட்டலாம் என்றால், 11 மாசம் வேறு ஒருவர் பெயரில் இருக்கிற வண்டியை ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

விற்கிற ஆளுக்கும் இது ஆபத்து, அவரிடம் சொல்லிப் பாருங்கள், அவரே அவசரப்படுவார். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி ஓனர், வண்டியை விற்றுவிட்டேன் என்று சொன்னாலும் விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவர் தலையில்தான் என்று 2018-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொப்பூர் இறக்கத்தில் உங்களுக்கு ஒன்று ஆனால் பெங்களூரில் அவர் வீட்டுக்கு நோட்டீஸ் போகும்.

வேலை என்னவென்றால், முதலில் அவர் அங்கே பாரம் 28 போட்டு என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். காரில் கடன் இருந்தால் அதற்கு முன்னாலேயே பேங்க் கடிதமும் பாரம் 35-ம் வாங்கி ஹைப்போதிகேஷனை, அதாவது ஆர்.சி.யில் இருக்கிற கடன் பதிவை, எடுத்துவிட வேண்டும். அப்புறம் இங்கே பாரம் 27 புது நம்பருக்கு, 29, 30 பெயர் மாற்றத்துக்கு. 29, 30-இல் வெறும் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொல்வார், அதைக் கேட்காதீர்கள். என்.ஓ.சி. கையில் வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள், ஒரு 50 ஆயிரமாவது நிறுத்தி வையுங்கள்.


பர்கூர் மாம்பழம்:

வரி பற்றி யாருமே பேசவில்லையே, உண்மையான செலவு அங்கேதான் இருக்கிறது. நான் 2022-இல் இதே மாதிரி பெங்களூரில் ஒரு 2016 மாடல் கார் எடுத்தேன். 2 லட்சத்து 80க்கு வாங்கியதால் வரி அந்த 2 லட்சத்து 80க்குத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் கேட்ட முதல் கேள்வியே "ஷோரூம் பில் எங்கே?" என்பதுதான். வண்டி புதிதாக வாங்கியபோது என்ன பில் விலையோ அதை வைத்துத்தான் கணக்கு. வயது கூடக் கூடச் சதவீதம் குறையும், ஆனால் பெருக்குவது அந்தப் பழைய பில் விலையை. 40 ஆயிரத்துக்குப் பக்கம் ஆனது. அன்றைக்கு வீட்டில் யாரிடமும் பேசவில்லை.

அதுவும் 2023 நவம்பருக்கு முன்னால். அப்போது புதுக் காருக்கு 10 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 15. நவம்பர் 9 முதல் 5 லட்சம் வரை 12, 5 முதல் 10 வரை 13, 10 முதல் 20 வரை 15, அதற்கு மேல் 20 சதவீதம். 8 லட்சம் காருக்கு 80 ஆயிரம் கட்டிய இடத்தில் 1 லட்சத்து 4 ஆயிரம். பைக்குக்கு எல்லாவற்றுக்கும் 8 சதவீதமாக இருந்ததை லட்சம் வரை 10, அதற்கு மேல் 12 ஆக்கினார்கள். பழைய வெளிமாநில வண்டிக்கு வயதுக்கேற்ற தனி அட்டவணை, உங்கள் 2019 காருக்கு எத்தனை சதவீதம் என்பதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் பில் காப்பியைக் காட்டியே கேட்டுவிடுங்கள், வாங்குவதற்கு முன்னாலேயே. பில் தொலைந்துவிட்டது என்று ஓனர் சொன்னால் அந்த வண்டி கம்பெனி டீலரிடம் காப்பி கேட்கலாம், அலைச்சல்தான்.

ஒரு ஆறுதல் உண்டு. முதல் ஓனர் கர்நாடகாவில் ஆயுள் வரி கட்டியிருப்பார், அங்கே 5 முதல் 10 லட்சம் காருக்கு 14 சதவீதம், அதன் மேல் செஸ் வேறு. வண்டி மாநிலத்தை விட்டு வந்துவிட்டால் மீதிக் காலத்துக்கு ரீஃபண்டு கேட்கலாம், இங்கே பதிவான ஆதாரத்தோடு அங்கே விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பணம் யாருக்கு என்று இப்போதே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் பேசவில்லை, பழைய ஓனர் வாங்கிக்கொண்டு போனைக்கூட எடுக்கவில்லை.


நைட் ஷிஃப்ட் ஓசூர்:

பாரம் 28 அண்ணா, 30 நாள் விஷயம் எனக்குப் புதுசு, திருத்தியதற்கு நன்றி. என் வண்டி என் பெயரிலேயே இருப்பதால் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை.

காரிமங்கலத்தார் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூர் வண்டி என்றால் கேமரா செலான் நிறைய நிலுவையில் இருக்கும், அங்கே சிக்னலுக்குச் சிக்னல் கேமரா. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டாலே வந்துவிடும். நிலுவை இருந்தால் என்.ஓ.சி. இழுக்கும். 2023 பிப்ரவரியிலும் 2025 ஆகஸ்ட் கடைசியிலும் அங்கே 50 சதவீதத் தள்ளுபடி கொடுத்தார்கள், அதற்காகவே கட்டாமல் காத்திருக்கிற ஆட்கள் எங்கள் ஆபீஸிலேயே இருக்கிறார்கள்.


ராயக்கோட்டை தக்காளி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் ஒரு சந்தேகம். அப்பாவிடம் 2004 மொபெட் ஒன்று இருக்கிறது, ஓசூரிலேயே செய்த வண்டி, இன்றைக்கும் தோட்டத்திலிருந்து மண்டிக்கு இரண்டு கிரேட் தக்காளி அசராமல் இழுக்கும். ஆர்.சி. புதுப்பிக்க 300 ரூபாய் என்று அப்பா எடுத்து வைத்திருந்தார். ஆபீஸில் 2,000 என்கிறார்கள். சரியா?


பாரம் 28:

சரிதான் தங்கச்சி. 300 என்பது 2022 மார்ச்சோடு முடிந்த கதை. அந்த ஏப்ரல் முதல் 15 வருஷம் தாண்டிய டூவீலருக்கு 1,000, காருக்கு 5,000. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டியதை மட்டும் தனியாகப் பிரித்து டூவீலர் 2,000, கார் 10,000 ஆக்கிவிட்டார்கள். இது மத்திய அரசு விதி, ஆபீஸ்காரர்கள் கூட்டிக் கேட்கவில்லை. பழைய வண்டிக்குப் போடுகிற பசுமை வரி தனி, அது மாநில அரசு வாங்குவது. வண்டியைக் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டும், பிரேக்கும் லைட்டும் சரி பண்ணிக்கொண்டு போகச் சொல்லுங்கள், தக்காளிச் சாறையும் கழுவிவிட்டு.


காரிமங்கலத்தான்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. நேற்று ராத்திரி நம்பரைப் போட்டுப் பார்த்தேன், நான்கு செலான் நிற்கிறது, மூன்று சில்க் போர்டு பக்கம். ஓனர் கட்டிவிடுகிறேன் என்றார், பில்லையும் தேடி அனுப்பினார், 6 லட்சத்து 80 ஆயிரம். அதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் வரியைக் கேட்கப் போகிறேன். ரீஃபண்டு எனக்கு என்று எழுதிக் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை, மெசேஜைப் பார்த்துவிட்டார், நீல டிக் வந்துவிட்டது.

30 நாள் விஷயத்தைப் புரோக்கரிடம் சொன்னேன். "அதெல்லாம் புத்தகத்துல இருக்கறது சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அந்த டி.என். 29 காரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.