'எடம் பத்தாதுல்லா, அதான்'னு சொல்லிட்டேன்

தென்காசிக்காரி:
குளுக்கோஸ் தண்ணி குடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருப்போம்லா, அந்த பெஞ்சு. எனக்கு ரெண்டாவது, ஏழாம் மாசம். பக்கத்துல ஒரு பிள்ளை. வளைகாப்பு முடிஞ்சு கை நிறைய கண்ணாடி வளையல், ஒன்பதாம் மாசம் பொறந்துட்டுன்னா. "ரெண்டு நாளா அசைவு கம்மியா இருக்குக்கா, உங்க மூத்ததுக்கும் இப்படி இருந்துச்சா?"ன்னு கேட்டா. நான் யோசிக்கவே இல்ல. எங்கம்மா எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன்: "எடம் பத்தாதுல்லா, அதான்." அவ முகம் தெளிஞ்சிருச்சு. வளையல் கையால வயித்தத் தட்டி, "கேட்டியாலே, எடம் இல்லையாம்"னு உள்ள இருக்கிறதுகிட்ட சொன்னா. ரத்தம் குடுத்துட்டுக் கெளம்பிட்டா.

அடுத்த மாசம் நர்ஸம்மா எல்லாருக்கும் சொல்லும்போதுதான் தெரிஞ்சுது. எடத்துக்கும் அசைவுக்கும் சம்பந்தமே இல்ல, பிரசவம் வரைக்கும் பிள்ளை அசையணும், கொறஞ்சா அன்னைக்கே வரணும். அவ டாக்டர்கிட்ட கேக்க வச்சிருந்த கேள்வி என்கிட்டயே முடிஞ்சு போச்சு. என் பையனுக்கு ஒன்றரை வயசாச்சு. அந்த வளையல் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

பவானி ஆத்தோரம்:
எனக்கு நடந்தது தலைகீழுங்க. எட்டாம் மாசம், மண்டையப் பொளக்கற வலி. அத்தை பித்தம்னாங்க, சுக்குக் காப்பி குடுத்தாங்க. பக்கத்து வூட்டு அக்கா மட்டும் என் மோதரத்தையே பாத்துட்டு இருந்தாங்க. "அது கழலுதா கண்ணு?" சோப்புப் போட்டும் கழலல. "கண்ணு முன்னால பூச்சி பறக்குதா?" ஆமான்னேன். அடுத்த நிமிசம் ஆட்டோல ஏத்திட்டாங்க. பிரஷர் 160/110. மோதரத்த ஆசுபத்திரில வெட்டித்தான் எடுத்தாங்க. எப்படிக்கா தெரியும்னு பொறகு கேட்டேன். "என் மூத்தவளுக்கு..."ன்னு ஆரம்பிச்சாங்க, முடிக்கல.

செவ்வந்தி:
தென்காசி அக்கா, உங்க மேல தப்பில்லன்னு என்னால சொல்ல முடியல. "எனக்குத் தெரியல, உள்ள கேளு"ன்னு சொல்லியிருக்கலாம். என் ஓரகத்தியும் உங்கள மாதிரி நல்ல மனசோடதான் பேரீச்சம்பழம் போதும்னாங்க. நம்பி சத்து மாத்திரைய அலமாரியில சேத்து வச்சேன். ஹீமோகுளோபின் 7.8க்கு எறங்கி, டிரிப் ஏத்துனாங்க.

இப்ப மாசமா இருக்கறவங்க கேட்டுக்கங்க. இரும்புச்சத்து மாத்திரைய டீ, காபி, பாலோட போடாதீங்க. எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ சேத்துக்கிட்டா உடம்புல நல்லா ஒட்டும். கால்சியத்த அதோட சேத்துப் போடாம வேற நேரத்துல போடுங்க. மலம் கறுப்பாப் போகும், பயப்படாதீங்க. குமட்டினா நிறுத்தாதீங்க, நர்ஸ்கிட்ட சொல்லுங்க. அசைவு சந்தேகமா இருந்தா இடது பக்கம் சாஞ்சு படுத்து எண்ணுங்க. ரெண்டு மணி நேரத்துல பத்து வரலன்னா விடியட்டும்னு இருக்காதீங்க, 108க்கு அடிங்க. எண்ணிக்கை சரியா இருந்தும் மனசு ஒப்பலன்னாலும் போங்க. மாசமா இருக்கறதப் பதிஞ்சா அரசு குடுக்கற பிக்மி நம்பர் வாங்கிட்டீங்களா? பிறப்புச் சான்றிதழுக்குக் கேப்பாங்க.

நெய்வேலி நிலா:
"உள்ள கேளு"ன்னு சுலபமா சொல்லிட்டீங்க செவ்வந்தி. மூணு மணி நேரம் நின்னு உள்ள போய், அடிவயிறு இழுக்குதுன்னு வாயத் தொறந்தேன். சீட்டுல இருந்து தலையத் தூக்காமலே "அடுத்த ஆளு"ன்னாங்க. அந்தம்மா பேனா மூடியக் கடிச்சிட்டிருந்தது கூட ஞாபகம் இருக்கு. வெளிய வந்து பெஞ்சுல இருந்த ஒரு அக்காகிட்டதான் கேட்டேன், அவங்கதான் என் கையப் புடிச்சு மறுபடி உள்ள கூட்டிட்டுப் போனாங்க. யூரின்ல கிருமி இருந்துச்சு. பெஞ்சுல கேக்கறவங்களத் திட்டாதீங்க.

செவ்வந்தி:
கேக்கறவங்கள நான் எங்க திட்டினேன்? பதில் சொல்றவங்களத்தான் சொன்னேன்.

தென்காசிக்காரி:
சண்டை வேண்டாம், செவ்வந்தி சொன்னது சரிதான். பவானி, மோதரத்தையும் பூச்சியையும் என் தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன், அவளுக்கு இப்ப ஆறாம் மாசம்.

அது மாசி மாசம், செவ்வாய்க்கிழமை. பச்சை வளையலுக்கு நடுவுல ஒரு வேப்பிலைக் காப்பு காஞ்சு போய்க் கெடந்துச்சு. இதைப் படிக்கிறது நீயா இருந்தா ஒரு வார்த்தை எழுதும்மா. திட்டினாலும் சரி.