டிசைன் படிக்கக் கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்: போட்ட பணம் திரும்புமா?

அல்சூர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு இரண்டாம் பி.யூ.சி.யில் (பன்னிரண்டாம் வகுப்பு) சேர்ந்திருக்கிறாள். எடுத்தது வணிகவியல் என்றாலும், சிறுவயதிலிருந்தே வரைவதை விட்டவளல்ல. கிராஃபிக் டிசைன்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். சான் ஹோசேயில் இருக்கும் அவளுடைய பெரியம்மா, அங்கே கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டு வருட அரசுக் கல்லூரியில் சேர்த்தால் இரண்டே வருடத்தில் டிகிரி கிடைக்கும், கட்டணமும் குறைவு, தங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம் என்கிறார். பெங்களூரில் தனியார் டிசைன் கல்லூரிகளில் விசாரித்தால், நான்கு வருடத்துக்குக் கேட்கும் தொகை எங்கள் சக்திக்கு மீறியதாக இருக்கிறது. நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன், மனைவி பள்ளி ஆசிரியை. எங்கே சேர்த்தாலும் கடன் வாங்காமல் முடியாது. அந்த டிகிரியை வைத்துக்கொண்டு அங்கேயோ இங்கேயோ கடனை அடைக்கும் அளவுக்குச் சம்பாதிக்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

வைட்ஃபீல்டு தமிழன்

ஐயா, நான் கலிபோர்னியாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியவன். உங்கள் மைத்துனி சொல்வது அந்த மாநிலத்தில் வசிப்பவர்களின் பிள்ளைகளுக்கு முழுக்க உண்மை. பாடங்களின் அளவை அங்கே யூனிட் என்று கணக்கிடுவார்கள்; அவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம். அசோசியேட் டிகிரி எனப்படும் அந்த இரண்டு வருடப் பட்டத்துக்கு 60 யூனிட் என்பதால் 2,760 டாலரில் கட்டணம் முடிந்துவிடும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகும் உங்கள் மகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. வெளியிலிருந்து வருபவர்களுக்கு யூனிட் கட்டணம் பல மடங்கு அதிகம், பருவத்துக்குக் குறைந்தது 12 யூனிட் எடுத்தே ஆக வேண்டும். படிக்கும்போது கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம்; அது கைச்செலவுக்குத்தான் காணும்.

படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற பெயரில் 12 மாதம் வேலை செய்யலாம். அறிவியல், தொழில்நுட்பப் பிரிவினருக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்புக்கு இளங்கலைப் பட்டமாவது வேண்டும். அப்போதும் கிராஃபிக் டிசைன் பொதுவாக அந்த நீட்டிப்புக்கான பாடப் பட்டியலில் வருவதில்லை. எச்-1பி என்ற வேலை விசாவுக்கும் இளங்கலைப் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ கேட்பார்கள். ஆகவே அங்கே இந்த டிகிரி பாதி வழிதான். மீதி இரண்டு வருடத்தை ஒரு பல்கலைக்கழகத்தில் முடிக்கப் பணம் இருந்தால் மட்டுமே முதல் இரண்டு வருடச் செலவுக்குப் பொருள் உண்டு. எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லுபடியாகும் என்பதை அசிஸ்ட் என்ற இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

கோரமங்கலா டிசைனர்

நான் இங்கே ஒரு டிசைன் குழுவுக்கு ஆள் எடுப்பவள். விண்ணப்பங்களில் நான் முதலில் திறப்பது அவர்கள் செய்த டிசைன்களின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைத்தான், டிகிரியின் பெயர் அதற்குப் பிறகுதான். நேர்முகத்தில் ஒரு மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து, வெட்டி எடுக்க எடுக்கக் காலாவதித் தேதி காணாமல் போகிறதே, இதை எங்கே எப்படி அச்சிடலாம் என்று கேட்பேன். சிலர் உடனே நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள். இதை யார், எந்த வெளிச்சத்தில், எந்த வயதில் படிப்பார்கள் என்று திருப்பிக் கேட்பவர்களுக்குத்தான் வேலை தருகிறோம். அந்தப் பழக்கம் எந்த ஊர்க் கல்லூரியில் வந்தாலும் சம்பளம் ஒன்றுதான். டாலரில் படித்ததற்காக இங்கே யாரும் கூட்டித் தருவதில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிற்காலத்தில் ஐ.ஐ.டி.களில் எம்.டெஸ். என்ற டிசைன் முதுகலைப் படிப்பில் சேர எழுதும் சீட் (CEED) நுழைவுத் தேர்வுக்கு, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் குறைந்தது மூன்று வருடப் படிப்பு வேண்டும். இரண்டு வருட டிகிரியோடு திரும்பினால் அந்தக் கதவு மூடியிருக்கும்.

உங்கள் மகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. டிசைன் இளங்கலைப் படிப்புக்காக மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் யூசீட் (UCEED) நுழைவுத் தேர்வை வணிகவியல் மாணவர்களும் எழுதலாம். அதில் வரைதலுக்குத் தனிப் பகுதியே உண்டு. ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் நிஃப்ட் என்ற ஃபேஷன் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்கிறது. குமாரகிருபா சாலையில் சித்ரகலா பரிஷத், மைசூரில் அரசு நடத்தும் சாமராஜேந்திர காட்சிக் கலைக் கல்லூரி ஆகியவற்றையும் நேரில் போய்ப் பாருங்கள்.

அல்சூர்வாசி

மிக்க நன்றி அம்மா. சீட் தேர்வு விஷயம் எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரு பேச்சுக்கு 20 லட்சம் கடன் என்று வைத்துக்கொண்டால் தவணை எப்படி வரும்?

ஓய்வுபெற்ற வங்கியாளர், ஜெயநகர்

10 சதவீத வட்டியில் பத்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ ரூ.26,400, மொத்தம் 31 லட்சத்துக்கு மேல் திருப்பிக் கட்டுவீர்கள். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால், இடையில் வட்டியையாவது கட்டி வராவிட்டால் தவணை இன்னும் கூடும். கட்டணம் டாலரில் என்பதால் ரூபாய் சரிந்தால் இரண்டாம் ஆண்டுக்குக் கூடுதலாகப் புரட்ட வேண்டியிருக்கும். வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கு வரிவிலக்கு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே, அதுவும் எட்டு ஆண்டுகள் வரைதான்.

அரசின் உத்தரவாதத் திட்டத்தில் ரூ.7.5 லட்சம் வரை ஈடு இல்லாமல் கடன் கிடைக்கும். அதைத் தாண்டினால் பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பார்கள். என் கருத்து இதுதான்: 7.5 லட்சத்துக்குள் அடங்கும் படிப்பாகப் பாருங்கள். அதே வட்டியில் தவணை பத்தாயிரத்துக்குள் நிற்கும். முதல் வேலையில் சம்பளம் குறைவாக இருந்தாலும் அவளே கட்டிவிடலாம். பத்திரத்தை வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்றால், நான்கு வருடச் செலவு முழுவதையும் எழுதிப் பார்க்காமல் முதல் தவணைக் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.